ஹம் இல்லாத ஆம்ப்: இரண்டு எல்எம்3886 கொண்டு வீட்டிலேயே கட்டும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர்

ஆம்ப் கட்ட உட்காருபவர்கள் அதிகம் யோசிப்பது எந்தக் கம்பெனி கெப்பாசிட்டர், எந்த வகை ரெசிஸ்டர் என்பதைத்தான். ஆனால் கட்டி முடித்த ஆம்பைக் கெடுப்பது பெரும்பாலும் அவை அல்ல. பத்து சென்டிமீட்டர் கிரவுண்ட் வயர் தப்பான இடத்தில் போய் முடிந்தால் போதும், எவ்வளவு விலையுயர்ந்த பாகம் போட்டிருந்தாலும் ஸ்பீக்கரில் 'ர்ர்ர்' என்று ஹம் (இரைச்சல்) கேட்கும். அடுத்த எதிரி சூடு. அதனால் இந்தப் பதிவில் பாகங்களைச் சீக்கிரம் கடந்துவிட்டு, வயர் போகும் வழியையும் சூட்டையும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

கட்டப்போவது இரண்டு சேனல் ஆம்ப். சேனலுக்கு ஓர் எல்எம்3886. நேஷனல் செமிகண்டக்டர் வடிவமைத்த ஆம்ப்ளிஃபையர் சிப் இது. அந்த நிறுவனத்தை 2011-ல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் வாங்கியபின் அவர்கள் பெயரில் வருகிறது. டிரான்சிஸ்டர்களைத் தனித்தனியாக வைத்துக் கட்டும் ஆம்பில் பயாஸ் (டிரான்சிஸ்டர் சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டம்) சரிசெய்ய வேண்டும், ஜோடி பார்த்துப் பொறுக்க வேண்டும். இதில் அந்த வேலை கிடையாது. அவுட்புட் ஷார்ட் ஆனாலும், அளவுமீறிச் சூடேறினாலும் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் சுற்று உள்ளேயே இருக்கிறது. முதல் ஆம்ப் கட்டுபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை வோல்ட்?

எல்லாமே டிரான்ஸ்ஃபார்மரில் தொடங்குகிறது. நான் பரிந்துரைப்பது 18 வோல்ட் தரும் இரண்டு கம்பிச்சுற்று உள்ள 160 விஏ (வோல்ட் ஆம்பியர்) டொராய்டு, அதாவது வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர். ஏசியை டிசியாக மாற்றும்போது கிடைப்பது அதன் உச்சம்: 18-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 25.5. டயோடில் ஒரு வோல்ட் போனால் 24.5. ஆனால் டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் 18 வோல்ட் முழுச் சுமைக்கு உரியது. சும்மா ஓடும்போது 19-க்கு மேலேயே நிற்கும். ஆகவே மீட்டரில் ±26, 27 வோல்ட் காட்டினால் பயப்பட வேண்டாம்.

இந்த வோல்டேஜில் 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சேனலுக்கு ஏறத்தாழ 28 வாட் கிடைக்கும், 4 ஓமுக்கு 50 வாட் பக்கம். 28 வாட் போதுமா? 86 டெசிபல் உணர்திறன் உள்ள புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபல் தரும். 28 வாட்டில் 100 டெசிபல். சிங்கப்பூரின் நான்கு அறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஹாலில் இவ்வளவு வைத்தால் அடுத்த வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

'கூடுதல் வாட் வரட்டுமே' என்று 25 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குபவர்கள் உண்டு. அதில் ±35 வோல்ட் வரும், 8 ஓமுக்கு 50 வாட் கிடைப்பதும் உண்மை. ஆனால் சிப்பில் எழும் சூடு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மொத்த வோல்டேஜை (±25 என்றால் 50) வர்க்கம் செய்து, 19.7-ஆலும் ஸ்பீக்கர் ஓமாலும் வகுத்தால் சிப்பின் உச்சச் சூடு வாட்டில் வரும். ±25-ல் 8 ஓம் என்றால் 16 வாட். ±35-ல் 31 வாட். அதே ±35-ல் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 62 வாட்! எந்த ஹீட்சிங்க் (சூட்டை இறக்கும் துடுப்புள்ள உலோகம்) வைத்தாலும் அவ்வளவு சூடு அந்தச் சின்ன உடம்பிலிருந்து வெளியேற முடியாது. பாஸ் அடிக்கும் இடத்திலெல்லாம் பாதுகாப்புச் சுற்று வெட்டி வெட்டி இணைக்கும்; காதுக்கு அது கிழிந்த ஸ்பீக்கர் போலக் கேட்கும். ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள்.

நம் ஊர்ச் சூடு

கணக்கில் அறை வெப்பத்தை 25 டிகிரி என்று வைத்துக்கொள்வது பாடப்புத்தக வழக்கம். சிங்கப்பூரில் ஏர்கான் போடாத ஹால் பிற்பகலில் 32 டிகிரி. ஆம்பை டிவி கன்சோலுக்குள் தள்ளினால் இன்னும் ஐந்தாறு டிகிரி சேரும்.

8 ஓமில் சிப்புக்கு 16 வாட், சும்மா இருக்கும்போதே குடிக்கும் 2.5 வாட், ஆக 18.5. இரண்டு சிப்புக்கும் 37 வாட். வாட்டுக்கு 0.7 டிகிரி ஏறும் ஹீட்சிங்க் என்றால் 26 டிகிரி ஏற்றம். 32-உடன் சேர்த்தால் 58. கை வைத்தால் சுடும், ஆனால் சிப்புக்கு ஒன்றும் ஆகாது. 4 ஓமில் இதே கணக்கு 80 டிகிரி வரை போகும். பாட்டு ஓடும்போது சராசரி இதில் பாதிகூட வராது என்றாலும், 4 ஓம் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் ஒரு படி பெரிய ஹீட்சிங்க்காகவும் 225 விஏ டிரான்ஸ்ஃபார்மராகவும் எடுப்பது நல்லது. ஹீட்சிங்க்கின் துடுப்புகள் மேலும் கீழுமாக நிற்க வேண்டும். படுக்க வைத்தால் சூடான காற்று மேலே ஏற வழியில்லாமல் துடுப்புகளுக்கு இடையிலேயே தங்கிவிடும்.

பாகங்கள்

சிங்கப்பூரில் உதிரிப் பாகம் என்றால் சிம் லிம் டவர். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர் அல்ல, அதற்கு எதிரே ஜாலான் புசார் முனையில் நிற்கும் கட்டடம். தேக்காவிலிருந்து (லிட்டில் இந்தியா) நடந்தே போகலாம். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஆர்சிஏ சாக்கெட் (பாட்டுக் கருவியின் வயர் நுழையும் இடம்), மைக்கா (சூட்டைக் கடத்தி மின்சாரத்தைத் தடுக்கும் தாள்), ஸ்விட்ச், பெட்டி எல்லாவற்றையும் அங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம். சிப்பை மட்டும் அதிகாரபூர்வ விநியோகஸ்தரிடம் வாங்குங்கள். இணையச் சந்தையில் பாதி விலைக்குக் கிடைக்கும் எல்எம்3886-இல் போலி நிறைய. நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்ட பஞ்சால் தேய்த்தால் எழுத்து அழிந்து, அடியில் வேறொரு மேற்பரப்பு தெரிந்தால் அது பெயர் மாற்றிய சிப். அழியாவிட்டாலும் அசல் என்று பொருளில்லை. லேசரில் பொறித்த போலிகளும் உண்டு.

வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 'டி' என்று மட்டும் முடிந்தால் பின்புறம் உலோகத் தகடு இருக்கும். 'டிஎஃப்' என்றால் முழுவதும் பிளாஸ்டிக் மூடியது. மைக்கா தேவையில்லை, ஆனால் சூடு வெளியேறும் தடை இரண்டு மடங்கு. நம் வெப்பத்துக்கு நான் 'டி' வகையைத்தான் சொல்வேன்.

ஒரு சேனலுக்கு வேண்டியவை இவை. ஃபீட்பேக் ரெசிஸ்டர் (அவுட்புட்டிலிருந்து சிப்பின் உள்ளீட்டுக்குத் திரும்பும் வழியில் இருப்பது) 22 கிலோ ஓம், அதன் ஜோடி 1 கிலோ ஓம். பெருக்கம் 23 மடங்கு. இந்தச் சிப் 10 மடங்குக்குக் கீழே நிலையாக இருக்காது, ஆகவே 'அதிகம் பெருக்குகிறதே' என்று 22-ஐ 8 ஆக்கிவிடாதீர்கள். 1 கிலோ ஓமுக்குத் தொடராக 47 மைக்ரோஃபேரட் நான்போலார் (பிளஸ் மைனஸ் பேதமில்லாத) கெப்பாசிட்டர். இன்புட்டில் 2.2 மைக்ரோஃபேரட் ஃபிலிம் கெப்பாசிட்டர், பிறகு கிரவுண்டுக்கு 22 கிலோ ஓம். இந்த இரண்டு இடத்திலும் ஏறத்தாழ 3 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது வெட்டுப்படும். மிருதங்கத்தின் தொப்பி ஒலிக்கு ஒரு குறையும் வராது. இன்புட் 22 கிலோவும் ஃபீட்பேக் 22 கிலோவும் ஒரே மதிப்பாக இருப்பது தற்செயல் அல்ல. சிப்பின் இரு உள்ளீட்டுக் கால்களும் இழுக்கும் நுண்மின்னோட்டம் இரண்டிலும் ஒரே வோல்டேஜை உண்டாக்கி ஒன்றையொன்று தின்றுவிடும். அவுட்புட்டில் டிசி தங்காது.

சிப்பின் இன்புட் காலுக்கு முன்னால் 1 கிலோ ஓம், காலிலிருந்து கிரவுண்டுக்கு 220 பிக்கோஃபேரட். ரேடியோ அலைகளை இது வெளியே நிறுத்தும். அவுட்புட்டில் 4.7 ஓம் 1 வாட், அதற்குத் தொடராக 100 நானோஃபேரட், மறுமுனை கிரவுண்டுக்கு. அதன்பின் ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் ஒரு சுருள்: 10 மி.மீ. டிரில் பிட்டின் மேல் 1 மி.மீ. எனாமல் வயரை நெருக்கமாக ஒன்பது சுற்று சுற்றினால் 0.7 மைக்ரோஹென்றி வரும். பிட்டை உருவிவிட்டு, உள்ளே 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை நுழைத்து இரு முனையையும் சேர்த்துச் சால்டர் செய்ய வேண்டும். எனாமலைச் சுரண்டி எடுத்து, முனையில் ஈயம் பளபளவென்று ஓடி ஒட்டுகிறதா என்று பார்த்த பிறகுதான் இணைக்க வேண்டும். உருண்டையாகத் திரண்டு நின்றால் இன்னும் எனாமல் இருக்கிறது என்று அர்த்தம்.

மியூட் கால், அதாவது 8-ஆம் கால், பலரை ஏமாற்றும். அதிலிருந்து மைனஸ் ரயிலை (பவர் சப்ளையின் மைனஸ் கம்பி; பிளஸ் கம்பி பிளஸ் ரயில்) நோக்கி அரை மில்லியாம்ப்பாவது ஓடினால்தான் சிப் வாயைத் திறக்கும். இரண்டு 10 கிலோ ஓமைத் தொடராகப் போட்டு, நடுவில் 100 மைக்ரோஃபேரட்டின் மைனஸ் முனையை இணைத்து, பிளஸ் முனையைக் கிரவுண்டுக்குக் கொடுங்கள். ஒரு மில்லியாம்ப் ஓடும். போட்டவுடன் 'டப்' என்று அடிக்காமல் சற்றுத் தாமதித்து ஒலி வரும்.

பவர் பக்கம் 25 ஆம்ப் 400 வோல்ட் பிரிட்ஜ் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடுத் தொகுப்பு), ரயிலுக்கு 10,000 மைக்ரோஃபேரட் 50 வோல்ட் 105 டிகிரி வகை ஒன்று, அதன் குறுக்கே 2.2 கிலோ ஓம் 1 வாட். இந்த ரெசிஸ்டர் இல்லையென்றால் அணைத்தபின்பும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கி, அடுத்த முறை ஸ்க்ரூடிரைவர் நழுவும்போது பொறி பறக்கும். இருந்தாலும் ஒன்றரை நிமிடம் காத்து, மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

வால்யூமுக்கு 10 கிலோ ஓம் ஸ்டீரியோ லாக் பாட் (பொட்டென்ஷியோமீட்டர், குமிழ் திருப்பினால் மதிப்பு மாறும் ரெசிஸ்டர்). ஆசியத் தயாரிப்புகளில் 'ஏ10கே' என்றால் லாக், 'பி10கே' என்றால் லீனியர். மாற்றி வாங்கினால் குமிழைக் கொஞ்சம் திருப்பியதும் முழுச் சத்தம் வந்துவிடும்.

போர்டும் சிப்பும்

சிப்பின் பதினொரு கால்கள் இரண்டு வரிசையாக மாறி மாறி நிற்கும். அவற்றின் இடைவெளி வெரோபோர்டின் 2.54 மி.மீ. துளைகளில் உட்காராது. காலை வளைத்துத் திணிப்பதைவிட எல்எம்3886-க்கு என்றே அச்சிட்ட வெற்று போர்டு வாங்கிவிடலாம். போர்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றைப் பாருங்கள்: 1, 5 ஆகிய பிளஸ் கால்களுக்கும் 4-ஆம் மைனஸ் காலுக்கும் மிக அருகில் 100 நானோஃபேரட் செராமிக் வைக்க இடம் இருக்கிறதா? 1-ஐயும் 5-ஐயும் இணைக்கும் தடம் இருக்கிறதா? செராமிக் காலிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், கூடவே ரயிலுக்கு 470 மைக்ரோஃபேரட். பெரிய 10,000 வேறொரு போர்டில் இருக்கிறதே என்று இதை விட்டால், அந்த இருபது சென்டிமீட்டர் வயரே சிப்பை மெகாஹெர்ட்ஸில் ஆடவைக்கும்.

இப்போது மைக்கா. 'டி' வகையின் உலோகத் தகடு உள்ளே மைனஸ் ரயிலோடு இணைந்தது. ஹீட்சிங்க் பெட்டியோடும் பெட்டி எர்த்தோடும் சேர்ந்திருக்கிறது. இடையில் இருப்பது ஒரு முடியின் தடிமன்கூட இல்லாத மைக்காத் தாள்.

ஹீட்சிங்க்கில் 2.5 மி.மீ. துளையிட்டு எம்3 மரை வெட்டுங்கள். பிறகு துளையின் விளிம்பை விட அகலமான டிரில் பிட்டைக் கையால் பிடித்து இரண்டு சுற்று திருப்பிப் பிசிறை எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிசிறும் விரல் நகத்தை மெல்ல இழுத்தால் தட்டுப்படும். தட்டுப்பட்டால் மைக்காவைக் குத்தும். இன்றைக்கு இல்லாவிட்டாலும் சூடேறி விரிந்து சுருங்கும் பத்தாவது நாளில் குத்தும். நகம் வழுக்கிப் போகும்வரை விடாதீர்கள். அதன்பின் மைக்காவின் இரு பக்கமும் சூடுகடத்தும் கிரீஸ். வெள்ளையாகத் தெரிந்தால் அதிகம். அடியில் இருக்கும் உலோகம் மங்கலாகத் தெரியும் அளவே சரி. ஸ்க்ரூ தகட்டைத் தொடாதபடி பிளாஸ்டிக் புஷ் போட்டு முடுக்கி, தகட்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே ஓம் பாருங்கள். மீட்டர் எதுவும் காட்டக் கூடாது. சில மெகாஓம் காட்டினாலும் கழற்றித் துடைத்து மறுபடி போட வேண்டும்.

வரிசை முக்கியம்: முதலில் சிப்பை ஹீட்சிங்க்கில் முடுக்கி, பிறகு போர்டைக் கால்களில் நுழைத்துச் சால்டர் செய்யுங்கள். சால்டர் செய்துவிட்டு முடுக்கினால் கால்கள் எப்போதும் இழுபட்டபடியே நிற்கும். சால்டர் முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஃப்ளக்ஸை (சால்டரோடு வரும் பிசின்) கழுவிவிடுவது நம் ஊரில் கட்டாயம். காற்றில் இருக்கும் ஈரத்தை ஃப்ளக்ஸ் கசடு உறிஞ்சி, இன்புட் பக்கத்தில் மெல்லிய கசிவுப் பாதையாக மாறும். சில மாதம் கழித்துக் காரணமில்லாமல் வரும் கரகரப்பு பல நேரம் இதுதான்.

230 வோல்ட் பக்கம்

இங்கே அவசரம் கூடாது. மெயின்ஸ் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டும் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சேஃப்டி மார்க் (சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை) உள்ள மூன்று முனை பிளக், அதில் 13 ஆம்பை எடுத்துவிட்டு 3 ஆம்ப் ஃபியூஸ். பெட்டியின் பின்னால் ஃபியூஸ் வைத்த ஐஇசி சாக்கெட் (கழற்றக்கூடிய பவர் வயர் நுழையும் இடம்), அதில் 1.6 ஆம்ப் மெதுவாக உருகும் வகை. டொராய்டு போட்ட கணத்தில் ஒரு பெரிய இழுப்பு இழுக்கும், சாதாரண ஃபியூஸ் அதைத் தாங்காது. ஸ்விட்ச் லைவ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவதாக இருக்க வேண்டும். பிரவுன் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். எர்த் வயர் ரிங் லக் வைத்து, பெயிண்டைச் சுரண்டிய வெற்று உலோகத்தில், தனக்கென்றே இருக்கும் எம்4 போல்ட்டில் முடுக்கப்பட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டோடு சேர்க்காதீர்கள். எல்லா மெயின்ஸ் இணைப்பின் மேலும் ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கி இறுகும் உறை).

டொராய்டில் இரண்டு ஏமாற்றுகள் உண்டு. பிரைமரி (மெயின்ஸ் பக்கம்) இரண்டு 115 வோல்ட் சுற்றாக வந்தால் நமக்குத் தொடராக இணைக்க வேண்டும். இணையாக இணைத்தால் போட்டவுடன் உறுமிவிட்டு ஃபியூஸ் போகும். இன்னொன்று நடு போல்ட். அடித்தகட்டில் முடுக்கிய அந்த போல்ட்டின் தலை மேல்மூடியையும் தொட்டால், போல்ட், மூடி, பக்கம், அடித்தகடு எல்லாம் சேர்ந்து டிரான்ஸ்ஃபார்மருக்கு ஒரே ஒரு சுற்றுள்ள ஷார்ட்டான சுருளாகிவிடும். மூடி திறந்திருக்கும்வரை நன்றாக ஓடும் ஆம்ப், மூடியதும் ஃபியூஸ் அடிக்கிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

செகண்டரியில் (18 வோல்ட் பக்கம்) ஒரு சுற்றின் முடிவை மற்றதன் தொடக்கத்தோடு சேர்த்தால் அது நடுமுனை. வெளி முனைகளுக்கிடையே 36 வோல்ட்டுக்கு மேல் ஏசி வந்தால் சரி. பூஜ்ஜியம் பக்கம் வந்தால் ஒரு சுற்றைத் திருப்புங்கள்.

கிரவுண்ட் போகும் வழி

இனிதான் ஆம்பின் உயிர். நடுமுனையிலிருந்து இரண்டு பெரிய கெப்பாசிட்டர்கள் சந்திக்கும் இடத்துக்கு ஒரு வயர் வரும். பிரிட்ஜ் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் கெப்பாசிட்டரை நிரப்பும்போது, பல ஆம்பியர் மின்னோட்டம் நூறில் ஒரு விநாடிக்கு ஒருமுறை குத்துக் குத்தாக இந்த வழியே ஓடும். வயரில் பத்து மில்லிஓம் இருந்தாலும் 5 ஆம்ப் குத்துக்கு 50 மில்லிவோல்ட். இன்புட் கிரவுண்டை இந்த வழியில் எங்காவது இணைத்தால் அந்த மில்லிவோல்ட்டுகள் பாட்டோடு சேர்ந்து 23 மடங்கு பெருகும்.

ஆகவே இரண்டு கெப்பாசிட்டர்களையும் ஒரு தடித்த செப்புப் பட்டையால் இணையுங்கள். நடுமுனை வயர் அந்தப் பட்டையில் வந்து முடியட்டும். பட்டையின் நடுவிலிருந்து 'டி' எழுத்தின் தண்டு போல மூன்று நான்கு சென்டிமீட்டர் தடித்த வயர் ஒன்று வெளியே வந்து ஒரு போல்ட்டில் நிற்கட்டும். எல்லாக் கிரவுண்டும் வந்து சேரும் 'ஸ்டார்' என்பது அந்தப் போல்ட்தான்; பட்டை அல்ல. ஸ்பீக்கர்களின் மைனஸ், போர்டுகளின் கிரவுண்ட் எல்லாம் தனித்தனி வயராக அங்கே வந்து சேர வேண்டும். ஸ்பீக்கர் மைனஸை ஆம்ப் போர்டு வழியாகக் கொண்டுவராதீர்கள். வயர் மிச்சமாகும், ஒலி கெடும்.

ஆர்சிஏ சாக்கெட்டுகள் பெட்டியைத் தொடாத வகையாக இருக்கட்டும். சாக்கெட்டிலிருந்து வால்யூம் பாட், அங்கிருந்து போர்டு என ஷீல்டு வயர் சிக்னலோடு அதன் கிரவுண்டையும் கூடவே கொண்டுபோகும். இன்புட்டின் கிரவுண்ட் போர்டிலேயே முடியட்டும், ஸ்டாருக்கு இன்னொரு வயர் வேண்டாம்.

பெட்டி நேரடியாக எர்த்தில். ஸ்டாருக்கும் பெட்டிக்கும் நடுவில் 10 ஓம் 5 வாட், அதற்கு இணையாக 35 ஆம்ப் பிரிட்ஜ் ஒன்று, 100 நானோஃபேரட் ஒன்று. பிரிட்ஜின் பிளஸ், மைனஸ் கால்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டு, இரண்டு ஏசி கால்களை இரு முனைகளாகப் பயன்படுத்த வேண்டும். எர்த் உள்ள மடிக்கணினியை இணைக்கும்போது எழும் எர்த் லூப்பின் (இரு எர்த் வழிகள் சேர்ந்து உண்டாகும் வளையம்) சிறு வோல்டேஜ் 10 ஓமில் அடங்கிவிடும். உள்ளே ஏதாவது கழன்று 230 வோல்ட் கிரவுண்டைத் தொட்டால், பிரிட்ஜ் முழு மின்னோட்டத்தையும் எர்த்துக்குக் கடத்தி ஃபியூஸை எரிக்கும், வீட்டு ஆர்சிசிபியும் (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரிப் ஆகும். ஹம் போவதற்காகப் பிளக்கின் எர்த் வயரை வெட்டச் சொல்லும் ஆலோசனை இன்னும் உலவுகிறது. ஒருபோதும் செய்யாதீர்கள். உலோகப் பெட்டியைத் தொடும் குழந்தையின் கைக்கும் 230 வோல்ட்டுக்கும் நடுவில் நிற்பது அந்த ஒரு வயர்.

முதல் மின்சாரம்

பழைய வழி மெயின்ஸில் தொடராகக் குண்டு பல்பு போடுவது. அந்தப் பல்பு இப்போது சிங்கப்பூர்க் கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை, எல்இடி பல்பு இதற்கு உதவாது. அதற்குப் பதில் ரயில்களில் ரெசிஸ்டர் வைக்கலாம். முதலில் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், கெப்பாசிட்டர் மட்டும் இணைத்து ±26 வோல்ட் சமமாக வருகிறதா பாருங்கள். அணைத்து, வடியவிட்டு, ஒரு போர்டை மட்டும் இணையுங்கள். ஒவ்வொரு ரயிலிலும் 22 ஓம் 5 வாட் தொடராக. இன்புட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் இல்லாமல் போடுங்கள். சிப் சாதாரணமாக 50 மில்லியாம்ப் குடிக்கும், ஆகவே 22 ஓமின் குறுக்கே 1.1 வோல்ட் விழ வேண்டும். 85 மில்லியாம்ப் உச்சம். 2 வோல்ட்டைத் தாண்டினால் உடனே அணைத்துவிடுங்கள். தப்பு இருந்தால் ரெசிஸ்டர் புகையும், சிப் பிழைக்கும்.

அடுத்து அவுட்புட்டில் டிசி. 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் திருப்தி. 25 வோல்ட் காட்டினால் ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு கால் சால்டர் ஆகவில்லை, அல்லது 9, 10 கால்கள் ஒட்டியிருக்கின்றன. இங்கே ஓர் ஏமாற்று உண்டு: மியூட்டில் இருக்கும் சிப்பும் அழகான பூஜ்ஜியம் காட்டும். மியூட் ரெசிஸ்டர் இரண்டில் ஏதாவது ஒன்றின் குறுக்கே 11, 12 வோல்ட் விழுகிறதா என்று பார்த்த பிறகே நிம்மதியடையலாம்.

எல்லாம் சரியென்றால் 22 ஓமை எடுத்துவிட்டு, 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டரைச் சுமையாக மாட்டி, கைப்பேசியிலிருந்து 100 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து ஏசி வோல்டேஜை அளந்து பாருங்கள். ஆயிரம் ஹெர்ட்ஸ் கொடுத்தால் மலிவான மீட்டர்கள் தப்பாகக் காட்டும். 8 வோல்ட் என்றால் 8 வாட், 15 என்றால் 28.

ஸ்பீக்கருக்கு முன்னால் யுபிசி1237 சிப் உள்ள பாதுகாப்பு ரிலே போர்டு ஒன்றை வைத்துவிடுங்கள். போட்டபின் சில விநாடி கழித்து இணைக்கும், அவுட்புட்டில் டிசி வந்தால் உடனே துண்டிக்கும். சிப் செத்தால் ஸ்பீக்கரையும் கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

காதால் பிடிக்கும் கோளாறுகள்

இரவில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, ட்வீட்டரிடமும் வூஃபரிடமும் காதை வையுங்கள். 'ம்ம்ம்' என்று மென்மையான அடி ஒலி வந்தால் 50 ஹெர்ட்ஸ். அது டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் இன்புட் வயரில் ஏறுவதாலோ, எர்த் லூப்பாலோ வருவது. ஆர்சிஏ வயரைப் பிடுங்கினால் நின்றுவிட்டால் லூப். நிற்காவிட்டால் காந்தப்புலம், டொராய்டின் நடு போல்ட்டைத் தளர்த்தி இருபது இருபது டிகிரியாகத் திருப்பிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். ஏதோ ஒரு கோணத்தில் ஒலி சட்டென்று தணியும். அங்கேயே முடுக்குங்கள்.

'ர்ர்ர்' என்று பல் உள்ள ஒலி என்றால் 100 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். அது கெப்பாசிட்டர் நிரம்பும் குத்து. கிரவுண்ட் வயர் ஒன்று செப்புப் பட்டைக்குப் போயிருக்கும், அல்லது நடுமுனை ஸ்டாரில் முடிந்திருக்கும். வால்யூமைக் குறைத்தாலும் கூட்டினாலும் இது மாறாது. வால்யூமோடு கூடிக் குறைந்தால் சிக்கல் வால்யூம் குமிழுக்கு முன்னால், சாக்கெட் பக்கம் இருக்கிறது.

பாட்டே இல்லாமல் ஹீட்சிங்க் சுடுகிறது, இன்புட் வயரைத் தொட்டால் அவுட்புட் டிசி நகர்கிறது என்றால் சிப் மெகாஹெர்ட்ஸில் ஆடுகிறது. காலடி செராமிக், அவுட்புட்டின் 4.7 ஓம் ஜோடி இந்த இரண்டில் ஒன்று சரியாக ஒட்டவில்லை. ஏதாவது வானொலி நிலையம் டியூனரே இல்லாமல் மெல்லக் கேட்டால் 220 பிக்கோஃபேரட்டைப் பாருங்கள். அதன் கிரவுண்ட் கால் நீளமாக இருக்கும்.

பெட்டியை மூடும்முன் கடைசியாக ஒன்று. அடியிலும் மேலும் காற்றுத் துளை வேண்டும், ஆனால் ஒவ்வொரு துளைக்கும் உள்பக்கம் அலுமினியக் கொசுவலை ஒட்டிவிடுங்கள். கதகதப்பான இடம் தேடி வரும் பல்லி மெயின்ஸ் முனைகளுக்குக் குறுக்கே படுத்தால், அதுவும் சாகும், ஆம்பும் போகும். மூடியபின் இரண்டு மணி நேரம் வழக்கமான சத்தத்தில் பாட்டு ஓடவிட்டு ஹீட்சிங்க்கில் கை வையுங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடிந்தால் 55 டிகிரிக்குள் இருக்கிறது. முடியாவிட்டால் ஆம்பைக் கன்சோலுக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்து மறுபடி பாருங்கள்.